டிக்கிக்குள் போன சுத்தியல்

கார் ஸ்டாண்டில் நிற்கும் ஒவ்வொரு காரிலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, இருக்கையோரம் தொங்கும் சின்னப் பையைத் தடவிப் பார்க்கிறாள் சண்முகசுந்தரி. பை காலியாக இருந்தால் கதவை அறைந்து சாத்துகிறாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் சங்கரன்கோவிலில் அவளுக்கு இதுதான் வேலை. இந்த வருடம் இதுவரை ஏழு கதவுகள் அறை வாங்கிவிட்டன.

ராஜபாளையம் சாலையில் தகரக் கொட்டகை போட்டு சீட் கவர் தைக்கிறாள். வண்டியின் பெயர் எதுவும் அவள் வாயில் வராது. "அஞ்சு சீட்டு", "ஏழு சீட்டு", அவ்வளவுதான். கவர் தைக்க வருகிறவர்களுக்கு, கேட்காமலே ஒரு பையும் தைத்துவிடுவாள். அது, வண்டிக்குள் சிக்கிக்கொண்டால் தப்பிக்க உதவும் சாண் நீளச் சுத்தியல் ஒன்றுக்கு. அதன் தலையில் கண்ணாடி உடைக்கும் கூர்முனை. கைப்பிடியில் பெல்ட்டை அறுக்கும் கத்தி. "முன் கண்ணாடிய அடிச்சா ஒடையாது. பக்கக் கண்ணாடி, அதுலயும் மூலையில அடிக்கணும்" என்று நூலைப் பல்லில் கடித்தபடியே சொல்வாள்.

ஆண்டு முழுவதும் தலையாட்டும் ஓட்டுநர்கள் ஆயுத பூஜையன்று கெடுத்துவிடுவார்கள். ஜாக்கி, ஸ்பேனரோடு சுத்தியலையும் இலையில் பரப்பிச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். பூஜை முடிந்ததும் எல்லாம் ஒன்றாக டிக்கிக்குள் போய்விடும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவள் வீட்டிலும் அப்படித்தான். சுத்தியலுக்குப் பொட்டு வைத்தவள் அவள். "எல்லாத்தையும் டிக்கியில வச்சிருங்க" என்று கணவன் தங்கப்பழத்திடம் சொன்னவளும் அவள்தான். அடுத்த மாத மழையில், ராயகிரிப் பக்கம், சுவரில்லாத சாலையோரக் கிணற்றுக்குள் கார் இறங்கிவிட்டது. காரை மேலே தூக்கியபோது தங்கப்பழம் பெல்ட் மாட்டியபடியே செத்துக் கிடந்தான். சுத்தியல் டிக்கியில் மஞ்சப்பைக்குள் பத்திரமாக இருந்தது. "கெணத்துக்காரன் இன்னைக்கு வரைக்கும் ஒரு கல்லு எடுத்து வைக்கல" என்று சொல்லும்போது அவள் கழுத்து நரம்பு புடைக்கும்.

எட்டாவது கார் மகாராஜனுடையது. சிவகிரிக்குச் சவாரி. பின் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் காத்திருந்தாள். தூறல் விழத் தொடங்கியிருந்தது. பை காலி.

"சாமிக்கு வச்ச பொருளு, அக்கா. கால்மாட்டுல வைக்கலாமா? ரெண்டு நாளு போவட்டும்."

"கால்மாட்டுலயா? ஏலே, இடுப்புக்குப் பக்கத்துலல்லா தச்சிருக்கேன். பெல்ட்ட மாட்டு. மாட்டுலே! இப்போ இருந்த எடத்துலருந்து டிக்கிக்குள்ள கைய விடு பாப்போம்."

"டிக்கிக்கு எத்தன மணிக்குப் பஸ்ஸுன்னு கேளுவே!" என்றான் அடுத்த கார் இசக்கித்துரை. ஸ்டாண்டே சிரித்தது.

"சிரிங்க. அந்த மனுசனும் சிரிச்சிக்கிட்டுத்தான் வண்டிய எடுத்தாரு."

அவளே டிக்கியைத் திறந்து சுத்தியலை எடுத்து வந்து நீட்டினாள். மகாராஜன் கை நீட்டவில்லை.

"பொட்டு இருக்குக்கா..."

சண்முகசுந்தரி குனிந்து பின் சீட்டுக் குழந்தையை ஒருமுறை பார்த்தாள். அன்றைக்குப் பொட்டு வைத்த அதே மோதிர விரலால் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். சுத்தியலைப் பையில் செருகினாள்.