குடைக்கு வெருளாத செம்மறிகள்

போன செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. மூட்டம், மழை இல்லை. கிழக்கு வேலியில் கத்தி விழும் சத்தம்!

இணுவிலில் வேலியை வெட்டுகிற சத்தம் கேட்டால் எல்லைச் சண்டை என்று நான் சொல்ல வேண்டுமா? தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அயல் காணிக்காரர் செல்வராசா. என் வெள்ளாடு எங்கள் பொது எல்லையில் அவருடைய பங்கான வேலியில் பூவரசம் பட்டையை உரித்துத் தின்ற நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. பதினொரு மரம். அவர் பதினான்கு என்றார். ஆட்டை விற்றேன், கோபம் தீரவில்லை.

ஆனால் காணியில் புல் வளர்கிறதே... "செம்மறி வாங்குவம். அது நிலத்தைப் பாத்து மேயும், வேலியைப் பாராது" என்றாள் மனைவி.

எந்த இனம்? வெளிநாட்டுக் கலப்பு கொழுத்தது – தீனிச் செலவும் மருந்துச் செலவும் கூடுதல். நாட்டுச் செம்மறி சிறியது, கட்டை மயிர், எங்கள் வெயிலுக்கே பிறந்தது. சரி, குணம்? இன்னொரு மரம் போனால் செல்வராசா கோர்ட்டுக்கே போவார்.

நெல்லியடிப் பக்கம் ஒரு பட்டிக்குப் போய், குணம் பார்க்க ஆடுகளின் முன்னால் குடையைப் படாரென்று விரித்தேன். கலப்புக் கிடாய் படலையைத் தாண்டி ஓடியது.

"ஐயா, ஆடு வாங்க வந்தனீங்களோ, வெருட்ட வந்தனீங்களோ?" என்றார் பட்டிக்காரர்.

நாட்டுச் செம்மறிகளில் நாலு மட்டும் ஓடாமல் நிமிர்ந்து பார்த்தன. திரும்பவும் குனிந்து மேய்ந்தன. அந்த நாலையும் வாங்கினேன்.

ஐந்து மாதம். வேலியில் ஓர் இலை குறையவில்லை – தினமும் பார்க்கிறேன். பிறகு ஏன் கத்தி?

"செல்வராசா! என்ரை மறியள் என்ன செய்ததுகள்?"

"ஒண்டும் செய்யேல்லை, மாஸ்டர். அதுதான் வெட்டுறன். வெங்காயம் நட முன்னம் எருவுக்கு உங்கடை மறியளை என்ரை தோட்டத் தறையிலை நாலு இரவு பட்டி அடைக்கவேணும். றோட்டாலை சுத்திக் கொண்டுவரேலுமே? ஒரு பொட்டு வைக்கிறன்."

அரை அங்குலம் வேலி நகர்ந்தால் ஊரைக் கூட்டுகிற மனிதர், ஆடு நுழையும் பொட்டுக்காகத் தன் பங்கு வேலியைத் தானே வெட்டுகிறார்!

"அகலமா வெட்டும். ரெண்டு சினை" என்றேன்.

"சிரிக்கிறதை வாய்விட்டுச் சிரியுங்கோவன்" என்றாள் பின்னால் நின்ற மனைவி.

நாலு செம்மறி, லொறிக்கூலி, முறிந்த குடைக்கம்பி – ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். பொட்டுக்கு – இரண்டு தேத்தண்ணி.