காலனி வரை

போன வாரம் திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஸ்டேஷனரி கடையில் பழுப்பு கவர் ஒன்று வாங்கினேன். வீட்டு வரி சம்பந்தமான காகிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. ஒட்டுவதற்காகக் கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் பஞ்சு வைத்திருந்தார். அது கடைசியாகத் தண்ணீரைப் பார்த்துப் பல வருஷம் இருக்கும். சரி என்று நாக்கால் நக்கியே ஒட்டினேன். அந்தப் பசை இருக்கிறதே, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு, அடியில் ஒரு கவிச்சி. நாக்கில் பட்டதும் எனக்குப் பதினெட்டு வயசாகிவிட்டது. பக்கத்தில் நின்ற என் மகள் "உவ்வே" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் அம்மா கவர் நக்கித்தான் இதழியல் கற்றாள் என்பது அவளுக்குத் தெரியாது.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டு. இதழியலும் தொடர்பியலும் என்று பாடத்துக்குப் பெயர். வகுப்பில் மொத்தம் பதினோரு பேர். திண்டிவனத்திலிருந்து தினம் பாசஞ்சர் ரயிலில் போய் வருவேன். அப்பா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடுகிறவர். நான் சேர்ந்த படிப்பு என்ன என்று மண்டியில் கேட்டிருக்கிறார்கள். "கம்யூனிகேஷன்" என்றிருக்கிறார். "அப்ப செல்போன் டவரு வேலதானே, பொம்பளப் புள்ள எப்பிடிங்க மேல ஏறும்?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் நான் டிவியில் செய்தி வாசிப்பவரைக் காட்டி, இதுதான் என்று விளக்கினேன். அன்றிலிருந்து அந்த அம்மா கட்டும் புடவையை எல்லாம் உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பித்தார்.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரும் என்ன ஆகப் போகிறீர்கள் என்று சார் கேட்டார். ஆறு பேர் டிவியில் வருவோம் என்றார்கள். மூன்று பேர் சினிமா டைரக்டர். நான் எழுந்து, பேப்பரில் என் பெயர் வர வேண்டும் என்றேன். என்ன எழுதி வர வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு அப்போது பெரிய அபிப்பிராயம் இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "படிப்ப முடிக்கணும் சார். அதுக்குத் தெனம் பொழுதோட வூட்டுக்குப் போய்ச் சேரணும்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான். அவள் பெயர் கலைச்செல்வி. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு உருப்படியான பதில் சொன்னது அவள் ஒருத்திதான்.

காணையைத் தாண்டி உள்ளே ஒரு ஊரில், காலனியில் அவள் வீடு. அவள் அப்பா கரும்பு வெட்டுகிறவர். விழுப்புரத்திலிருந்து காணை வரை பஸ், அதற்கப்புறம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நடை. ஊர்க் கோயிலைத் தாண்டினால் ஏரிக்கரை. ஏரிக்கரை மேலேயே ஒரு கிலோமீட்டர் போனால் காலனி. அந்த ஏரிக்கரைதான் பேஜாரு. சாயங்காலமானால் ஊர்ப் பையன்கள் பைக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்தால் படிக்கலாம், வராவிட்டால் நின்றுவிட வேண்டும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். கண்டிப்பான மனுஷன் என்று நினைத்தேன். பயந்த மனுஷன் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

மத்தியானம் அவளுடைய கேப்பை அடையை நானும் என் லெமன் சாதத்தை அவளும் தின்போம். என் சாதத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. "உங்கம்மா ஜல்தில செஞ்சாங்களா?" என்பாள்.

எங்கள் இருவருக்கும் ஒரு வேலை கிடைத்தது. சம்பளமில்லாத வேலை என்பதால் உடனே கிடைத்தது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு காலைப் பேப்பரின் ஏஜென்ட் கடை வைத்திருந்தார், தாஸ் அண்ணன். பேப்பர் போடுவதும் அவர்தான், விளம்பரம் பிடிப்பதும் அவர்தான், நிருபரும் அவர்தான். மின்னஞ்சல் அப்போதே வந்துவிட்டது, தாஸ் அண்ணனுக்கு மட்டும் வரவில்லை. செய்தியைக் கையால் எழுதி, போட்டோவைச் சேர்த்து, கவரில் போட்டு ஒட்டி, மூன்றரை மணி பாண்டிச்சேரி பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். அங்கே ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். எழுதுவதும் நக்குவதும் எங்கள் வேலை. ஆறு மாசம் ஒழுங்காகச் செய்தால் பெயரும் போட்டோவும் போட்டு, 'பயிற்சி நிருபர்' என்று கார்டு தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கார்டுக்காக நான் பசையை என்ன, எதை வேண்டுமானாலும் நக்கியிருப்பேன்.

இதில் ஒரு சின்னச் சங்கடம். பஸ் மூன்றரைக்கு. ஊரில் விழாக்கள் எல்லாம் ஐந்து மணிக்கு. அதனால் தாஸ் அண்ணன் ஒரு முறை வைத்திருந்தார், அழைப்பிதழ் வந்தால் செய்தி வந்த மாதிரி. பெயர்களை வரிசையாகப் போட்டு, 'சிறப்புரையாற்றினார்' என்று முடித்து, 'திரளானோர் கலந்துகொண்டனர்' என்று சேர்த்துவிட வேண்டும். போட்டோவையும் மத்தியானமே எடுத்துவிடுவோம். வெட்டாத ரிப்பனைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் எங்களுக்காக இளித்திருக்கிறார்கள் தெரியுமா! சாயங்காலம் போய்ப் பார்த்தால் நாங்கள் எழுதினபடியே எல்லாம் நடக்கும். ஒரு தடவை, 'மழையையும் பொருட்படுத்தாமல்' என்று எழுதி அனுப்பினேன். ஐந்தேகாலுக்கு மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கே என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அப்படி ஒரு வியாழக்கிழமை வந்த அழைப்பிதழைப் பார்த்து கலை கத்தியே விட்டாள். அவள் ஊருக்குப் புது டவுன் பஸ். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. சாயங்கால பஸ் விழுப்புரத்தில் நாலேமுக்கால், அவள் ஊரில் ஐந்தேமுக்கால். அன்று சாயங்காலம் தொடக்க விழா. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், அவள் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். 'பொதுமக்கள் பட்டாசு வெடித்து, இனிப்பு வழங்கி வரவேற்றனர்' என்று முடித்தேன். அவள் பேனாவை வைக்கவில்லை. 'இப்பேருந்து ஊர் வழியாகக் காலனி வரை சென்று திரும்பும்' என்று ஒரு வரி சேர்த்தாள்.

"அழைப்பிதழ்ல காலனின்னு இல்லியே?"

"ஊருன்னா காலனியும் சேத்துதான?" என்றாள்.

எங்கள் தெருவுக்கு வரும் பஸ் எங்கே போய்த் திரும்புகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்தவள் இல்லை.

"நம்ம எழுதறதுதான தெனம் நடக்குது? அப்ப இத்தயும் எழுதிக்கலாம், வுடு" என்று சொல்லிவிட்டு, அந்தக் கவரை மட்டும் அவளே ஒட்டினாள்.

விழா நடக்கவில்லை. வாழைமரம் கட்டிய பஸ் கோயில் பக்கம் வந்து நின்றிருக்கிறது. காலனி வரைக்கும் வரட்டும் என்று காலனிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அங்கே பஸ் திரும்ப இடமில்லை என்று ஊர்க்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இடமெல்லாம் தாராளமாக இருந்தது. காலனியில் திரும்பினால் காலைப் பஸ்ஸில் காலனி ஜனம் முதலில் ஏறி உட்கார்ந்துவிடும், ஊர் ஜனம் நின்றுகொண்டு வரவேண்டியிருக்கும். விஷயம் அதுதான். அதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. காலனிக்காரர்கள் பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் ஆளாக உட்கார்ந்தது கலையின் அப்பா. கொடியசைக்க வந்தவர் இன்னொரு விழா இருக்கிறது என்று காரைத் திருப்பிவிட்டார். பஸ்ஸும் வாழைமரத்தோடு டிப்போவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் எங்கள் பேப்பரில் பட்டாசு வெடித்து, இனிப்பு வழங்கியிருந்தார்கள்.

பேப்பரை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். தாஸ் அண்ணன் அசரவில்லை. "வியா நடக்கலன்னா இன்னாம்மா, பஸ்ஸு வரத்தான போவுது" என்றார்.

அவர் சொன்னபடியே திங்கட்கிழமை விழா கிழா இல்லாமல் பஸ் வந்துவிட்டது. கோயிலாண்ட நின்றதும் கலையின் அப்பா ஏறி, பேப்பரிலிருந்து வெட்டி எடுத்த துண்டை டிரைவரிடம் நீட்டியிருக்கிறார். டிரைவர் இரண்டு தரம் படித்துவிட்டு, "பேப்பர்லயே போட்டுட்டானுங்களா? அப்ப சரி, உக்காரு" என்று ஏரிக்கரை மேல் ஓட்டிவிட்டார். தண்ணி டேங்கைச் சுற்றி ஒரே வளைப்பில் திரும்பியதாம். "ரிவர்ஸே எடுக்கலடி!" என்று மறுநாள் வகுப்பில் கலை கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நாலு நாளும் பஸ் காலனிக்குப் போனது. "இப்பிடியே வந்துச்சின்னா மூணு வருசமும் படிச்சிக்கோ" என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம். அந்த நாலு நாளும் அவள் பிராக்டிகல் முடியும்வரை இருந்தாள், அவசரமில்லாமல் டிபன் பாக்ஸைக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை தாஸ் அண்ணன் என்னை மட்டும் கடைக்குக் கூப்பிட்டார். ஊர்க்காரர்கள் டிப்போவில் சத்தம் போட்டிருக்கிறார்கள், டிப்போ பாண்டிச்சேரி ஆபீஸில் கேட்டிருக்கிறது, ஆபீஸ் அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறது. "காலனின்னு யாரும்மா சேத்தது?" என்றார். நான் மேஜை மேலிருந்த கவர்களை அடுக்க ஆரம்பித்தேன். "சரி, அது வேணாம். தப்புன்னு ஒரு திருத்தம் எழுதிக் குடு. இல்லன்னா ஏஜென்சியப் புடுங்கிடுவானுங்க. எனக்கும் ரெண்டு பொண்ணு கீதும்மா."

"நாலு நாள் போய்த் திரும்பிச்சேண்ணா, அத்த எழுதலாமே?"

"அதெல்லாம் வேணாம். மூணு வரி போதும்."

எழுதினேன். 'புதிய பேருந்து கோயில் வரை மட்டுமே இயக்கப்படும். காலனி வரை என்று வெளியான செய்தி தவறானது.' மூன்று வரி கூட ஆகவில்லை. கலை மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் மேஜையைத் திறந்து, ஆறு மாசம் ஆகாமலே கார்டைக் கொடுத்தார். போட்டோ நன்றாக வந்திருந்தது. நாலு நாளாகப் பஸ் போய்த் திரும்புகிறது என்பதுதான் செய்தி. முதலாம் ஆண்டுப் பாடமே அதுதான், எனக்கும் தெரியும். வெட்கங்கெட்டவள், கார்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனேன். விழா நடப்பதற்குள் எழுதாமல், நடந்த பிறகு நான் எழுதிய முதல் செய்தி அந்தத் திருத்தம்தான்.

அடுத்த திங்கட்கிழமை டிரைவர் சட்டைப் பையிலும் ஒரு துண்டு இருந்தது. கலையின் அப்பா தன்னுடையதை நீட்டியதும் அவர் தன்னுடையதை எடுத்துக் காட்டினார். "இதுவும் பேப்பருதான் பெரியவரே, நான் இன்னா செய்ய?" என்றாராம்.

கலை தாஸ் அண்ணன் கடையில் நின்று அந்தத் திருத்தத்தைப் படித்தாள். என் எழுத்து நடை அவளுக்குத் தெரியும். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். "நல்லாதான் எழுதியிருக்க. எங்கயும் தப்பில்ல" என்று பேப்பரை மடித்து வைத்தாள். அதற்கப்புறம் பிராக்டிகலை விட்டுவிட்டு மூன்று மணிக்கே கிளம்பிவிடுவாள். அட்டெண்டன்ஸ் குறைந்தது. ஒரு நாள் ரயில்வே கேட்டில் பஸ் நின்று இருட்டிவிட்டது. ஏரிக்கரையில் நாலு பேர் பைக்கில் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். அதோடு சரி. இரண்டாவது செமஸ்டரில் நாங்கள் பத்து பேர். வருகைப் பதிவேட்டில் சார் அவள் பெயர் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார்.

இப்போது அந்தப் பேப்பருக்குப் பாண்டிச்சேரிப் பதிப்பே கிடையாது. தாஸ் அண்ணன் தண்ணீர் கேன் ஏஜென்ட். பழைய பேப்பர் கட்டுகளைக் கேட்டேன், "கரையான் படிச்சிட்டுதும்மா" என்றார். பதினோரு பேர் உட்கார்ந்த வகுப்பில் இன்று கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார்கள். விழா நடக்கும்போதே செய்தி போனில் போய்விடுகிறது, எழுதுகிறவனையும் யாரும் நம்புவதில்லை. 'பேப்பர்லயே போட்டுட்டான்' என்று சொல்லி ஒரு டிரைவர் வண்டியைத் திருப்புகிற காலம் போயே போய்விட்டது. அதை ஒழித்துக்கட்டியதில் எனக்கும் இரண்டரை வரி பங்குண்டு.

கவரைப் போஸ்ட் செய்த அன்று சாயங்காலம் கலைக்குப் போன் செய்தேன். பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் இருக்கிறாள், ஒன்றும் எழுத மாட்டாள். திண்டிவனம் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர், இன்னும் அதே காலனியில்தான் வீடு என்று மட்டும் தெரியும். மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்த வார்த்தை வாய்க்கு வருவேனா என்றது.

"பஸ்ஸு இப்ப காலனி வரைக்கும் வருதா கலை?" என்று கேட்டேன்.

"எங்க வருது? கோயிலாண்ட திரும்பிக்குது. அதான் அன்னிக்கே எழுதிட்டியே" என்று சிரித்தாள். பின்னால் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. "இப்பதான் எறங்கினேன். வச்சிடாதடி. ஏரிக்கர இருட்டா கீது, லைட்டு எரியல. பேசிக்கினே நடந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்."

பேசினேன். மல்லாட்டை விலை, அவள் பையனின் பத்தாம் வகுப்பு, என் முட்டி வலி என்று வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். நடுவில் ஒரு பைக் சத்தம் கிட்டே வந்தது, இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். அது தாண்டிப் போனதும் மறுபடியும் ஆரம்பித்தோம். பதினாறாவது நிமிஷம், "வூடு வந்துட்டுது, வக்கிறேன்" என்றாள்.