ஜெப நேரத்து ஆனைக் காவல்

சுருளிப்பட்டியில் ஜீப்பை விட்டு இறங்கிய பிறகு இரண்டு மணி நேர ஏற்றம். மாதம் ஒருமுறை இந்தப் பளியர் பழங்குடிக் குடியிருப்புக்கு ஏறி வரும் போதகரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. வேடிக்கை பார்க்கும் ஆசைதான்.

மொத்தம் பதினோரு வீடுகள். சர்ச் இல்லை; பலாமரத்தடியில் தார்ப்பாய் விரித்திருக்கிறார்கள். போதகர் பையிலிருந்து முதலில் சொறிக்குத் தடவும் களிம்பை எடுத்துக் கொடுக்கிறார். வேதாகமம் அதற்கு அப்புறம்தான் வெளியே வருகிறது.

"ஜெபிப்போம்" என்றதும் எல்லாரும் கண்களை மூடுகிறார்கள். ஓரமாக நிற்கும் ஒரு பெண் மட்டும் மூடாமல் எதிரே இருக்கும் மூங்கில் புதரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மெல்ல அவர் பக்கம் நகர்ந்து காரணம் கேட்கிறேன்.

"எல்லாரும் கண்ண மூடிட்டா ஆனை வர்றத யாரு பாக்குறது? ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளு முறை. பாஸ்டரும் சரின்னுட்டாக."

"அப்ப இன்னைக்கு உங்களுக்கு ஜெபம் இல்லையா?"

என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"நீங்கதான் கண்ண மூடலையே சார். அங்கன மூங்கி ஆடுச்சுன்னா சத்தம் குடுங்க. எம்மகளுக்கு இது நெறமாசம். அவளுக்காக ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

என் பதிலுக்குக் காத்திராமல் கண்களை மூடிக்கொள்கிறார். ஆனையைக் கோயில் வாசலில் மட்டுமே பார்த்தவன் நான். போதகரின் ஜெபமோ முடிகிற மாதிரி இல்லை.

மூங்கில் அசைகிறது. காற்றாக இருக்க வேண்டும் என்று, கண்ணைத் திறந்துகொண்டே, யாரிடமோ வேண்டிக்கொள்கிறேன்.