வெடிமருந்துத் தட்டுப்பாடு வந்த போகம்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வெடி கொளுத்தியபோது யன்னலால் வந்த புகை மணத்தில், இப்போது வீடுகளாகிவிட்ட எங்கள் கிண்ணியா வயலும், அதன் நடுவே நின்ற வாப்பாவின் ஓலைக் காவல் குடிலும் அப்படியே எழும்பி வந்தன. பின்னேரங்களில் வாப்பா அங்கே பாய் விரித்து, துவக்கில் சுட்டு முடிந்த தோட்டாக் கூடுகளைத் துடைத்து, வெடிமருந்தும் ஈயச் சன்னமும் மறுபடி அடைப்பார். ஈயம் உருளும் சத்தத்தைக் கேட்டபடியே நான் நித்திரையாகிவிடுவேன்.

அந்தப் போகம் காட்டுப் பன்றிகள் பெருகின. வயற்காரர் எல்லாரும் மருந்து தேட, விலை கிழமைக்குக் கிழமை ஏறி, கடைசியில் கடையில் மருந்தே இல்லாமல் போனது. வாப்பாவிடம் இரண்டு தோட்டாக்கள்தான் மிஞ்சின.

வாப்பாவை அண்ணனைப் போல 'நானா' என்றே அழைக்கும் அடுத்த வயல் கந்தையா மாமா வந்து கேட்டார்: "நானா, ஒண்டு தாங்கோ. மருந்து வந்ததும் திருப்பித் தாறன்."

"ஏலாது தம்பி. முடிஞ்சா இனி எங்க வாங்கிற?" என்றார் வாப்பா.

மறுநாள் விடிய, மாமா வெறும் பொல்லுத்தடியோடு பன்றி கலைக்கப் போனார். பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனார்.

செத்த வீட்டில் மாமி வாப்பாவைக் கண்டதும், "நீங்கள் என்ன செய்யிறது, நானா? எல்லாருக்கும்தானே தட்டுப்பாடு," என்று அழுதார். அவர் ஏசியிருந்தால் வாப்பா தாங்கியிருப்பார்.

எங்கள் வயல் அந்த முறை நன்றாக விளைந்தது. நெல் முழுவதையும் வாப்பா மாமி வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். அடுத்த அறுவடை வரை நாங்கள் கடை அரிசிதான் சாப்பிட்டோம். ஏனென்று உம்மா ஒருநாளும் கேட்கவில்லை.