குளிர்ந்த கரை

துபாய் கராமாவில் எங்கள் பழைய ஃபிளாட் இருந்த இடத்தில், இப்போது சுவரெல்லாம் பனிக்கட்டியால் ஆன ஒரு காப்பிக்கடை வந்திருக்கிறது. பெயர் ஸ்வால்பார்ட். வடதுருவத் தீவுக்கூட்டத்தின் பெயராம், 'குளிர்ந்த கரை' என்று பொருளாம். கதவு திறந்ததும் அடித்த உறைபனி வாடை என் அப்பாவுடையது. மீன் கிடங்கின் ஃப்ரீசர் அறையில் டியூட்டி முடிந்து வருபவர், தூக்கச் சொல்லி ஓடிவரும் என்னிடம் "தொடாத மக்களே, கை வெறச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, வெயிலில் கொதிக்கும் வாசல் சுவரில் உள்ளங்கைகளை வெகுநேரம் ஒட்டிவைத்து, சூடேறிய பிறகே தூக்குவார். அந்த ஃப்ரீசரில் மூன்று பேருக்கு ஒரே கோட்டுதான்.

"கோட்டு போட்டுக்குங்க மேடம். பத்து நிமிஷத்துக்கு மேல உள்ள நிக்காதீங்க, உடம்புக்கு ஆகாது" என்றாள் வாசலில் நின்ற பெண்.

அப்பா பதினாறு வருஷம் நின்றார். அவர் கையைச் சூடாக்கிய சுவரை இடித்துவிட்டு, அதே இடத்தில் குளிரை விற்கிறார்கள், பாவிகள்.