புரட்டாசியில் ஏறாத மீன்

பாலத்துக்கு மேலே வாய்க்காலில் மீன் இல்லை என்பதை முதலில் கவனித்தது நான்தான். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

எங்கள் வீடு கோயமுத்தூருக்குக் கிழக்கே, நொய்யலிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை ஒட்டி இருந்தது. புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் இறங்கினால் போதும், குளத்தில் கிடக்கும் சிறு கெண்டைகள் அதை எதிர்த்து மேலே கிளம்பிவிடும். வயிறு முழுக்கச் சினை. பாலத்துக்கு அந்தப் பக்கம் புல் முங்கி நிற்கும் இடங்களில் முட்டை விடத்தான் அந்த அவசரம். கல்யாணமாகி வந்த இரண்டு வருஷமும் நான் பார்த்தேன். துவைக்கிற கல்லில் நின்றால் காலை உரசிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போகும். மாட்டுக்குப் புல் அறுக்கப் பாலத்துக்கு மேலே போனால், புல்லுக்குள் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் வருஷம் புதுத்தண்ணீர் வந்தது. துவைக்கிற கல்லடியில் மீனும் வந்தது. ஆனால் பாலத்துக்கு மேலே புல் அசையவே இல்லை.

அந்த வருஷம்தான் பாலத்துக்கு மேலே, எங்கள் கரையில், தகர ஷீட் அடைத்து ஒரு சாயப் பட்டறை வந்திருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. அங்கே மேற்பார்வை பார்ப்பவர் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார். ஒருநாள், "தண்ணியெல்லாம் சுத்தம் பண்ணித்தானுங்க அம்மணி உடறோம்" என்றார். நான் அவரிடம் எதுவுமே கேட்டிருக்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஒரு மனிதர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

என் பயமெல்லாம் குழந்தைக்காகத்தான். அப்போதுதான் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தாள். அவள் குடிப்பது வாய்க்காலை ஒட்டிய எங்கள் கிணற்றுத் தண்ணீர். வயிற்றுப்போக்கு நிற்காமல் ஆர்.எஸ்.புரத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்றார் டாக்டர். காய்ச்சினால் கிருமி சாகும், சாயம் சாகுமா? எட்டாவதோடு நின்று மில்லுக்குப் போனவள் நான், டாக்டரிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. காந்திபுரத்தில் பஸ் ஏறிய பிறகு கணவரிடம் கேட்டேன்.

"உனக்கு மழை பேஞ்சாலும் சந்தேகம், பேயலீன்னாலும் சந்தேகம்" என்றார் அவர்.

மீனே தாண்ட மாட்டேன் என்கிற தண்ணீரைக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது? மெயின் ரோட்டுக் குழாயிலிருந்து இடுப்பில் குடம் சுமக்க ஆரம்பித்தேன். மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"இத்தன வருசமா இந்தத் தண்ணியக் குடிச்சுப்போட்டுத்தான் நாங்கெல்லாம் நடமாடறோம். உன்ற கண்ணுக்கு மட்டும் அதுல பேய் தெரியுதா அம்மணி?"

"மீன் ஏற மாட்டீங்குதுங்கத்தை."

"மீனக் கேட்டா ஊட்டுல தண்ணி குடிப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை கணவரைப் பிடிவாதமாகப் பாலத்துக்கு இழுத்துப் போனேன். அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்து பார்த்தார். பாலத்தின் அடியில், கண்ணுக்கு எளிதில் தெரியாதபடி, ஒரு நீலக் கொசுவலை குறுக்கே கட்டியிருந்தது. அடியில் வரிசையாகக் கல் வைத்து இறுக்கியிருந்தது.

எங்கள் பக்கத்தில் புரட்டாசியில் யாரும் கவுச்சி தொட மாட்டார்கள். முட்டை வாசம் கூட வீட்டுக்குள் வராது. அதனால் வலை என்ற நினைப்பே ஒருவருக்கும் வரவில்லை. ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிற எனக்கே வரவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலைக்குச் சொந்தக்காரர் பக்கெட்டோடு வந்து சேர்ந்தார். கணவரின் தாய்மாமன் மகன், எனக்கு அண்ணன் முறை. நெற்றி நிறைய நாமம்.

"ஏனுங் மாப்ள, பொரட்டாசியில மீனா?" என்றார் கணவர்.

"திங்கறதுக்கில்லீங்க மாப்ள! புடிச்சுத் தொட்டியில உட்டு வெக்கறனுங்க. ஐப்பசி பொறந்தன்னைக்கு மீன்கடைக்குள்ள கால் வெக்க முடியுமா? அதான் முன்கூட்டியே."

"நாமத்தப் போட்டுட்டா?"

"தின்னாத்தானுங்க பெருமாளு கேப்பாரு. புடிக்கறதையெல்லாம் கேக்க மாட்டாரு."

கணவர் பாலத்துச் சுவரிலேயே உட்கார்ந்து சிரித்தார். "பாத்தியா உன்ற சாயத்தண்ணிய! மாப்ளையோட கொசுவலை!"

வீட்டில் விஷயம் தெரிந்ததும், மாமியார் என் முன்னாலேயே ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரை மொண்டு குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். "உசுரோடதான இருக்கறேன்? நல்லாப் பாத்துக்க."

நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. வலை இருந்ததால் மீன் ஏறவில்லை, சரி. வலை இல்லாவிட்டால் ஏறும் என்பதற்கு என்ன நிச்சயம்? திரும்பவும் அண்ணனிடம் போனேன்.

"ஏனுங்ணா, சினை மீனுங்க. வலைய அவுத்து உட்ருங்க."

"ஐப்பசிக்கு நான் என்னம்மணி பண்றது?"

"கோழி அடிச்சுத் தாரனுங்க."

"பிராய்லரா, நாட்டுக்கோழியா?"

"நாட்டுக்கோழி."

"அப்பச் செரி" என்று அப்போதே அவிழ்த்தார். மீன் மேல் எனக்குப் பெரிய இரக்கம் என்று நினைத்திருப்பார். எனக்கு அவை போகுமா என்று பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். லேத் பட்டறை வேலை முடிந்து வந்த கணவர், மொபெட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். மீன் வந்தது. பாலத்தின் அடியில் புகுந்து மறுபக்கம் வெளிப்பட்டு மேலே ஏறியது. விரல் நீளம்கூட இல்லாத உடம்பை வளைத்து வளைத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனது.

"ஏறுது பாரு. போதுமா?"

ஏறத்தான் செய்தது. என் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அப்புறம்தான் அதைப் பார்த்தேன். எல்லாம் எதிர்க்கரையை ஒட்டியே போயின. அந்தப் பக்கம்தான் தண்ணீர் இழுவை அதிகம். முன்பெல்லாம் இழுவை குறைந்த எங்கள் கரை ஓரமாகத்தான் அவை ஏறும். இப்போது இந்தக் கரை காலியாகக் கிடந்தது. சாயப் பட்டறை இருப்பதும் இந்தக் கரை, எங்கள் கிணறு இருப்பதும் இந்தக் கரை.

"ஏனுங்க, இந்தப் பக்கம் ஒண்ணுகூட வரலீங்க."

அவர் ஒரு சிறு கல்லை எடுத்துக் கூட்டத்தின் நடுவே போட்டார். மீன்கள் சிதறின. சில எங்கள் கரைக்கு வந்தன. வந்த வேகத்தில் திரும்பி, மறுபடி இழுவைக்குள் போய்ச் சேர்ந்துகொண்டன. இன்னொரு கல் போட்டார். அதேதான்.

"வெளிச்சம் பட்டிருக்கும்" என்றார்.

"வெளிச்சம் ரெண்டு பக்கமும்தானுங்க படுது."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருட்டும் வரை நின்றிருந்தார். குழந்தை என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

காலையில் நான் குடத்தைத் தேடினால் காணவில்லை. வாசலில் கணவர் மொபெட்டின் இரண்டு பக்கமும் சைக்கிள் டியூபால் குடம் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கீடா?" என்றார் மாமியார்.

"ரோட்டுக் கொழாய்க்கு."

"அவதான் அப்படீன்னா நீயுமாடா?"

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஐப்பசி பிறந்ததும் அண்ணன் நாட்டுக்கோழி வாங்கிப் போக வந்தபோதும், பாலத்தில் பார்த்ததைப் பற்றிக் கணவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் தண்ணீர் கொண்டுவந்தார்.

முதல் நாள் அவர் இறக்கிவைத்த குடத்தில், குழந்தைக்கு ஊற்றுவதற்கு முன்னால், மூக்கை வைத்துப் பார்த்தேன். வாசம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தக் குழாய்த் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவரிடம் கேட்டேன்.