அணைத்து வைத்த மைக்

ரிச்சர்ட்ஸ் டவுனில் பியாட்ரிஸ் என்று மட்டும் கேட்டால் எந்த பியாட்ரிஸ் என்பார்கள். பாட்டுக்கார பியாட்ரிஸ் என்றால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். ஜீவனஹள்ளியில் பிறந்து, டிரேவரைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவள். காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரியில் கவுண்டர் வேலை. வாரம் முழுக்க பன்னும் ரஸ்கும் கட்டிக் கொடுத்தவள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைப் புடவை உடுத்தி, சர்ச் பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றாள் என்றால் அவள் வேறு ஆள். கீர்த்தனையின் மேல் ஸ்தாயியை அவள் பிடிக்கும்போது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அவள் பக்கத்தில் எப்போதும் மௌரீன் நின்றாள். இருவரும் கன்னிப்பெண்களாய் ஒரே நாளில் குழுவில் சேர்ந்தவர்கள். பியாட்ரிஸுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தபோது டிரேவர் ஊரில் இல்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் மௌரீன்தான். பிற்பாடு மௌரீன் கீபோர்டு கற்றுக்கொண்டு குழுவின் தலைவியும் ஆனாள். ஆளுக்கொரு மைக் வந்தபோது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரும் அவள் கைக்கெட்டும் தூரத்திலேயே வைக்கப்பட்டது.

காது மந்தமானது பியாட்ரிஸுக்குத் தெரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். பேக்கரியில் ரஸ்க் கேட்டவர்களுக்குப் பஃப்ஸ் கட்டிக் கொடுத்தாள். முதலாளி அவளைக் கவுண்டரிலிருந்து எடுத்து உள்ளே பேக்கிங்கில் உட்காரவைத்தார். "வயசாயிடுச்சில்ல, உக்காந்து செய்யட்டும்" என்று அவர் சொன்னதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். கடைசியில் கேஸ் சிலிண்டர்காரன்தான் அவளை அசைத்தான். இரண்டு தடவை பெல் அடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று போனில் செய்தி அனுப்பிவிட்டுப் போய்விட்டான். அவள் கதவுக்கு நாலடி தள்ளி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே அவள் தனியாகக் கிளம்பி, மார்க்கெட் ரோட்டில் மாடியில் இருக்கும் காது பரிசோதனை கிளினிக்குக்குப் போனாள். "பன்னி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, வரவேற்பில் இருந்த பெண் நாற்காலியைக் காட்டினாள். சுற்றிப் பார்த்ததும் பியாட்ரிஸுக்கு ஆச்சரியமாய் இருந்தது. கிழவர்கள்தான் இருப்பார்கள் என்று நினைத்து வந்தவள் அவள். ஒரு தாயின் மடியில், நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டியபடி ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ரோஸ் நிறக் காதுக்கருவி போட்ட ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி அம்மாவோடு வாயாடிக்கொண்டிருந்தாள். பொம்மனஹள்ளியில் மெஷின் ஓட்டுகிற ஒருவர், ராத்திரியெல்லாம் காதுக்குள் விசில் அடிக்கிறது என்று பக்கத்து ஆளிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

தாரணி என்ற ஆடியாலஜிஸ்ட் அவளைக் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்தாள். எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் பட்டனை அமுக்கவேண்டும். பியாட்ரிஸ் காத்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் கெட்டுப்போய்விட்டதோ என்று ஜன்னல் வழியே பார்த்தாள். தாரணி சைகையில், சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

"ஆன்ட்டி, கீழ் சத்தமெல்லாம் நல்லா கேக்குது. மேல் சத்தம்தான் போயிருக்கு. 'ஸ', 'ஃப' மாதிரி எழுத்தெல்லாம் உங்களுக்கு விழாது. பேசறது கேக்கும், என்ன பேசறாங்கன்னு புரியாது."

"நான் க்வாயர்ல பாடறேன்மா."

தாரணி இன்னும் கொஞ்சம் சோதித்தாள். "ஒரே ஸ்வரம் உங்க ரெண்டு காதுக்கும் வேற வேற மாதிரி கேக்குது. கீபோர்டோட மேல் கட்டை சரியாவே எட்டாது. ஸ்ருதி விலகுதுன்னு யாரும் சொல்லலியா?"

"மௌரீன் இருக்காளே. விலகினா மொதல்ல அவதான் சொல்லுவா."

தாரணி அதற்கு மேல் கேட்கவில்லை. முன்னாலேயே வந்திருக்கலாம், நாளாக ஆக மூளை சொற்களைப் பிரித்துக் கேட்கும் பழக்கத்தையே மறந்துவிடும் என்று மட்டும் சொன்னாள். கருவியைப் பொருத்தி, பாட்டுக்கென்று தனியாக ஒரு செட்டிங்கும் போட்டுக் கொடுத்தாள். படிக்கட்டில் இறங்கும்போது தன் புடவை உரசும் சத்தம் கேட்டு பியாட்ரிஸ் நின்றுவிட்டாள். எத்தனை வருஷமாயிற்று அதைக் கேட்டு!

கருவி போட்ட செய்தியை மௌரீனிடம் அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் காட்டலாம் என்று ஆசையாக வைத்திருந்தாள்.

அந்த ஞாயிறு ஆராதனையில் எல்லாமே கேட்டது. பாட்டுப் புத்தகத்தின் தாள்கள், ஃபேன், பின்னால் யாரோ இருமுவது. கீபோர்டு தொடங்கியது; பாடினாள். இரண்டாம் அடியில்தான் உறைத்தது. சுவரிலிருந்த ஸ்பீக்கரில் மௌரீனின் குரல் வருகிறது, பின்வரிசை ஆண்களின் குரல் வருகிறது. அவள் குரல் அவள் தொண்டையிலிருந்து மட்டும்தான் வருகிறது. சட்டென்று பாட்டை நிறுத்தினாள். ஸ்பீக்கரில் எதுவும் குறையவில்லை. மைக்கின் தலையை நகத்தால் தட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தபோது மௌரீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே தலை குனிந்து கீபோர்டின் கட்டைகளைப் பார்த்தாள்.

சபை கலைந்ததும் மௌரீன் எப்போதும்போல வந்து தோளைத் தொட்டாள். "இன்னிக்கு சூப்பரா பாடின பியா."

"பாதிப் பாட்டு நான் பாடவே இல்லயே, மௌரீன்."

மௌரீனின் கை தோளிலேயே நின்றது. பியாட்ரிஸ் காதோரத்து முடியை ஒதுக்கிக் கருவியைக் காட்டினாள்.

"எப்பத்திலிருந்து என் மைக்க அணைச்சு வச்சிருக்க?"

"இப்ப எதுக்குடி அது..."

"எப்பத்திலிருந்துன்னு கேட்டேன்."

"போன வருஷ ஈஸ்டருக்கு முன்னாடி. அந்தக் கல்யாணத்துல நீ தனியா பாடினல்ல, ஸ்ருதி எங்கயோ போயிடுச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க சிரிச்சாங்க. கமிட்டில உன்ன எடுத்துடுன்னாங்க. நான்தான் முடியாதுன்னு சண்ட போட்டேன். உன்ன விட்டுக்கொடுக்காமத்தான் இந்த ஏற்பாடு. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"எல்லாரும்னா?"

மௌரீன் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே டிரேவர் ஸ்கூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

பியாட்ரிஸுக்கு அந்தக் கல்யாணம் நினைவிருந்தது. அவர்கள் சிரித்தது சந்தோஷத்தில் என்று நினைத்து, அவளும் பதிலுக்குச் சிரித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் புடவையை மாற்றாமலே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

"நீ சந்தோஷமா இருந்த, பியா" என்றார் டிரேவர். "அத ஏன் கெடுக்கணும்னுதான்..."

"நான் வாயத் தெறந்து தெறந்து மூடிக்கிட்டு நின்னேன். நீங்க பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க. வீட்டுக்கு வந்து நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க."

"உன் மனசு நோகக்கூடாதுன்னு..."

"அன்னிக்கு நொந்திருந்தா அன்னிக்கே காத காட்டியிருப்பேனே! காது போச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் சிலிண்டர்காரன் வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு."

 அவர் பெருமூச்சு விட்டது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. கருவி இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டு மூடினாள்.

பத்து நாள் அதைத் தொடவில்லை. தாரணி போன் செய்து வரச் சொன்னதால் போனாள். நடந்ததைச் சொல்லச் சொல்ல அழுகை வந்தது. தாரணி தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். "அவங்க நல்லதுக்குத்தான் செஞ்சாங்க" என்று அவளும் சொல்லிவிடுவாளோ என்று பியாட்ரிஸ் பயந்தாள். அவள் சொல்லவில்லை.

"இத போட்டா பழையபடி பாட முடியுமாம்மா? உள்ளத சொல்லு."

"பழையபடி முடியாது ஆன்ட்டி. பேச்சு நல்லா தேறிடும், தினமும் போட்டீங்கன்னா. பாட்டு கீழ் ஸ்தாயில ஓரளவுக்கு வரும். மேல போனா விலகும். அது கருவியால சரியாகாது."

கேட்கக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றரை வருஷத்தில் ஒருவர் அவளிடம் சொன்ன முதல் உண்மை அது. டப்பாவைத் திறந்து கருவியைப் போட்டுக்கொண்டாள்.

குழுவுக்கு அவள் திரும்பவில்லை. மௌரீன் வீட்டுக்கு வந்தாள், இனிமேல் மைக்கைப் போட்டே வைக்கிறேன் என்றாள், அழுதாள். பியாட்ரிஸ் காபி கொடுத்தாள். "நீ போட்டாலும் போட்டியான்னு பாத்துக்கிட்டேதான் நிப்பேன். அப்பிடி எப்பிடி பாடறது?" என்று கேட்டாள். பிரசவத்துக்குக் கூட்டிப்போனவள் என்பதை அவள் மறக்கவில்லை. மறக்க முடியாததால்தான் அதிகம் வலித்தது. ஒரு கமிட்டிக்காரன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

டிரேவரோடு பேச்சு நின்றுவிடவில்லை. மருந்து எடுத்துக் கொடுத்தாள், சேர்ந்து சந்தைக்குப் போனாள். ஆனால் அவர் குழம்பு நன்றாயிருக்கிறது என்றால், இவள் ஒரு கரண்டி எடுத்துத் தானே ருசி பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அவர் அதைக் கவனித்தார். இப்போதெல்லாம் உப்பு கூடினால் கூடியது என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார். அவள் இன்னும் நம்பத் தொடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசிப் பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில் உட்காருகிறாள். பல வாரம் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள், தெரிந்த கீர்த்தனை ஒன்று தொடங்கியபோது, தன்னையறியாமல் பாடிவிட்டாள். முன்பெஞ்சில் சபைக்குப் புதிதாய் வந்த ஓர் இளம்பெண் திரும்பிப் பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும் பியாட்ரிஸ் குனிந்து கேட்டாள்: "தப்பா போச்சாம்மா?"

அந்தப் பெண் தயங்கினாள். "மேல போறப்ப கொஞ்சம், ஆன்ட்டி."

"சரிம்மா" என்றாள் பியாட்ரிஸ். அடுத்த பாட்டைக் கீழே இறக்கிப் பிடித்தாள்.